நான்காம் நிறுத்தம்

சனிக்கிழமை பத்தரை மணி, பஃபலோ.
மூடிப்போன வங்கியின் படிக்கட்டில்
ஆரஞ்சுக் குடையை விரித்து நிற்கிறேன்.
மழையில்லை. பனியும் இன்னும் தொடங்கவில்லை.
குடை, என்னை அவர்கள் தொலைக்காமலிருக்க.

பதினொரு பேர்.
ராச்செஸ்டர் தம்பதி, வழியெல்லாம்
சண்டை போட்டுக்கொண்டு வந்த முகம்.
அடுத்த வாரக் கல்யாணத்தை இன்றே கொண்டாடும்
தோழிகள் ஆறு பேர்.
நான் சொல்லும் ஆண்டுகளைக் கைபேசியில் சரிபார்க்கும்
ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி.
அம்மாவோடு ஒரு பையன், ஆம்ப்ரோஸ்.
சீட்டை உரக்கப் படிக்கிறான்:
"ஏழு நிறுத்தம், ஏழு இனிப்பு."

என் பெயர் ஹாலினா.
இருநூறு தடவை சொன்ன வாக்கியங்கள்
நான் இல்லாமலே நடந்து போகும்.
"கால்வாய் முடிந்த இடத்தில்தான்
இந்த ஊர் தொடங்கியது" என்றேன்.
இங்கே சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

முதல் கடையில் ஸ்பாஞ்ச் மிட்டாய்.
கொதிக்கும் பாகில் சமையல் சோடா விழுந்து
பொங்கி,
பொங்கினபடியே உறைந்து போனது.
கடித்தால் நொறுங்கும். அப்புறம் காணாது.
ஊரின் செல்வமும் அப்படித்தான் என்பேன்;
வாயில் சாக்லேட் இருக்கும்போது
எந்தக் கெட்ட செய்திக்கும் தலையாட்டுவார்கள் ஜனங்கள்.

தொழில் சூட்சுமமே அதுதான்.
தானியக் கிடங்கில் தூசியால் மூச்சடைத்தவர்களை
பாதாம் கேக்கோடு கொடுப்பேன்.
சம்பளம் நின்ற குளிர்காலத்தை
ரோஜா ஜாம் அடைத்த பொன்ச்கியோடு.
யாரும் துப்பியதில்லை.

நான்காம் நிறுத்தம் ஒரு கார் நிறுத்துமிடம்.
"இங்கே நான்கு மாடி மிட்டாய்க் கடை இருந்தது.
பளிங்கு மேசை, பித்தளைத் தராசு.
இடித்துவிட்டார்கள்,
கடைக்கு வருகிறவர்களுக்குக்
கார் நிறுத்த இடம் வேண்டுமென்று."
பிறகு ஒரு நிமிடம் மௌனம்.
வாய் வெறுமையாக நிற்கட்டும் என்பது
என் சொந்த யோசனை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

"இங்கே என்ன சாப்பிடுவோம்?"
"ஒன்றுமில்லை. அதுதான் இங்கே."
"அப்போ ஆறுதானே? ஏழுன்னு போட்டிருக்கே."
காப்பீட்டு அதிகாரி அன்று முதன்முதலாகப் புன்னகைத்தார்.

சாவடியின் கண்ணாடி நகர்ந்தது.
இரண்டு வருடமாக, கம்பத்துக்கு வணக்கம் சொல்வதுபோல்
நான் தலையசைத்துப் போகும் ஆள்.
சட்டையில் பெயர் எழுதியிருந்தது. இன்றுதான் படித்தேன்: முக்பில்.
"சனிக்கிழமைதோறும் கேட்கிறேன் அம்மா.
இடித்ததோடு கதையை முடித்துவிடுகிறீர்கள்."

வெளியே வந்து தரையில் எழுதிய எண்களைக் காட்டினார்.
"இருபத்தேழில் ஒரு குழந்தை பிறந்தது.
பனிப்புயல், ஆம்புலன்ஸ் வரவில்லை.
பதினான்கில் ஒருவர், காலையில்
காருக்குள்ளேயே அழுதுவிட்டு வேலைக்குப் போவார்.
மார்ச்சில் நிறுத்திவிட்டார்,
அழுகையையா வேலையையா, தெரியாது.
அதோ ஓரத்தில், எட்டு.
நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கிக்கொண்டு
ஒரே காரில் திரும்பிப் போனார்கள் இரண்டு பேர்.
ரேடியோவுக்குக்கூடச் சண்டை போடவில்லை."

ராச்செஸ்டர் தம்பதி
ஆளுக்கொரு எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.
அதிகாரி கைபேசியைப் பைக்குள் போட்டார்.
இதையெல்லாம் எங்கே போய்ச் சரிபார்ப்பது?

தகர டப்பா ஒன்று கைமாறி வந்தது.
ஏமன் நாட்டுத் திராட்சை, கறுப்பு, விதையோடு;
கூடவே தோல் உரிக்காத பாதாம்.
விருந்தாளிக்கு வெறுங்கை காட்டக் கூடாதாம்.
மெல்ல, மெல்லத்தான் இனித்தது.
நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை,
பல்லிடுக்கில் விதை.

"நாலு" என்று ஆம்ப்ரோஸ் சீட்டில் கோடு போட்டான்.

அடுத்த சனிக்கிழமை
சாவடியில் புது அட்டை தொங்கியது:
கார், மணிக்கு ஆறு டாலர்.
வரலாறு, தலைக்கு இரண்டு.
என் தலையையும் சேர்த்து எண்ணிக்
கொடுத்தேன்.